பொட்டு வைத்த டப்பா

எங்கள் வீட்டில் யாரும் தன் மாத்திரையைத் தானே எடுத்துச் சாப்பிட்டது கிடையாது. வீடு என்றால் தாராவியில் ஒரே ஒரு அறை. ஆட்கள் என்றால் அம்மாவும் நானும். காலையில் குழாயில் தண்ணீர் வந்து, பிடித்து முடித்து, குடங்களைத் தட்டுப் போட்டு மூடிய பிறகு இருவரும் தரையில் எதிரெதிரே உட்காருவோம். அம்மா என் டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடிவிடுவாள். நான் அவள் டப்பாவைத் திறந்து அவளுக்கு ஒன்று கொடுப்பேன். இரண்டு பேரும் ஒன்றாக விழுங்குவோம். அப்புறம் அவள் வேலைக்கு, நான் பள்ளிக்கூடத்துக்கு.

இது அம்மா செய்த ஏற்பாடு. "அவரவர் மாத்திரைய அவரவர் எடுத்தா ஒருநாள் அலுப்பா இருக்கும், நாளைக்குன்னு விட்டுருவோம். அடுத்தவளுக்குக் குடுக்கணும்னா விட முடியாதுல்லா?" என்பாள். புது டப்பாவின் வாயில் ஒட்டியிருக்கும் வெள்ளித்தாளைக் கிழிப்பதுகூட அப்படித்தான். அவளுடையதை நான் கிழிப்பேன், என்னுடையதை அவள் கிழிப்பாள். ஒரு தையல் கார்கானாவில், தைத்து வந்த சட்டைகளில் தொங்குகிற நூலை வெட்டுவது அவள் வேலை. அதற்கென்று வைத்திருந்த குட்டிக் கட்டரின் நுனியால் அந்தத் தாளைச் சுற்றி ஒரு கோடு இழுத்தால் முழுசாகக் கையோடு வந்துவிடும்.

என் அப்பா நான் தவழ்ந்துகொண்டிருந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டார். போகும்போது எங்கள் இருவருக்கும் எச்.ஐ.வி.யை விட்டுவிட்டுப் போனார். வேறு சொத்து எதுவும் கிடையாது. சின்ன வயதில் எனக்கு அது சத்து மாத்திரை. பன்னிரண்டு வயதில்தான் அம்மா உண்மையைச் சொன்னாள். நான் அழவில்லை. "ஒனக்கும் அதுதானா?" என்று மட்டும் கேட்டேன். ஆமாம் என்றாள். அப்படியானால் சரி என்று பட்டது. இரண்டு பேருக்கும் ஒரே வியாதி என்பதில் எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. அந்த வயதில் புத்தி அவ்வளவுதான்.

எடை கூடியதும் எனக்கும் பெரியவர்கள் சாப்பிடுகிற மாத்திரையையே கொடுக்க ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து அம்மாவின் டப்பாவும் என் டப்பாவும் அச்சு அசலாக ஒன்றுதான். அதே வெள்ளை பிளாஸ்டிக், அதே லேபிள். மாறிப்போனால் ஆஸ்பத்திரியில் எண்ணும்போது கணக்கு உதைக்குமே என்று அம்மா தன் டப்பாக்களின் மூடியில் மட்டும் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி வைத்தாள். அரக்கு நிறப் பொட்டு, அவள் நெற்றியில் வைத்துக்கொள்கிற அதே அட்டையிலிருந்து எடுத்தது. மருந்து வாங்கி வந்த அன்றைக்கு முதல் வேலை டப்பாவுக்குப் பொட்டு வைப்பதுதான்.

ஆஸ்பத்திரியில் எண்ணுவார்கள் என்றேன். எங்களைப் போன்ற பிள்ளைகள் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறோமா என்று பார்ப்பதற்காகவே அங்கே ஒரு மேடம் இருந்தார். மாதுங்காக்காரர், வீட்டில் தமிழ் பேசுகிறவர், மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு மேஜையெல்லாம் தேடுகிற ரகம். பெரியவர்களுக்கு ரத்தம் நன்றாக இருந்தால் மூன்று மாத மருந்தை ஒன்றாகவே கொடுத்துவிடுவார்கள். எங்கள் வயதுக்காரர்கள்மேல் அந்த நம்பிக்கை கிடையாது. மாதாமாதம் போக வேண்டும், டப்பாவோடு போக வேண்டும். மேடம் மிச்ச மாத்திரைகளை ஒரு தட்டில் கொட்டி, பேனா மூடியால் இரண்டிரண்டாகத் தள்ளி எண்ணுவார். கொடுத்தது இவ்வளவு, மிச்சம் இவ்வளவு, ஆகையால் நீ விழுங்கியது நூற்றுக்கு இவ்வளவு என்று பென்சிலால் போடுவார். அது போதாதென்று, "நேத்திக்குச் சாப்பிட்டியோ? முந்தாநாள்? அதுக்கும் முந்தின நாள்?" என்று விசாரணை. கடைசியில் ஒரு படத்தை நீட்டுவார். நீளமாக ஒரு கோடு, ஒரு நுனியில் அழுமூஞ்சி, மறுநுனியில் சிரித்த முகம். போன மாதம் எப்படிச் சாப்பிட்டாய் என்று நாமே அந்தக் கோட்டில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அழுமூஞ்சிப் பக்கம் புள்ளி வைத்த ஒரு பிள்ளையைக்கூட நான் பார்த்ததில்லை.

எண்ணிக்கையை ஏமாற்றுவதும் பெரிய வித்தை இல்லை. ஐரோலியிலிருந்து வருகிற ஒருத்தி, காத்திருக்கிற பெஞ்சில் எப்போதும் என் பக்கத்தில் உட்காருவாள். உள்ளே கூப்பிடுவதற்கு முன்னால் எழுந்து கழிப்பறைக்குப் போய், எவ்வளவு மிச்சம் இருக்க வேண்டுமோ அதை மட்டும் டப்பாவில் விட்டுவிட்டு மற்றதைத் தண்ணீர் ஊற்றி அனுப்பிவிட்டு வருவாள். அவளுக்கு நூற்றுக்கு நூறு. "இவளைப் பாருங்கோ, எவ்வளவு சமத்து" என்று மேடம் எங்களுக்கு அவளை உதாரணம் காட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் ஏன் சாப்பிடுவதில்லை என்று அங்கே யாரும் கேட்டதில்லை. கேட்கிற அவசியமே வரவில்லையே, கணக்குத்தான் சரியாக இருந்ததே.

நான் பத்தாவது படித்த வருஷம், மழைக்காலத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. எங்கள் வியாதியால் இல்லை. அதை நாங்கள் இருவரும் சேர்ந்து அடக்கி உட்கார வைத்திருந்தோம். இது அந்த வருஷம் எங்கள் கல்லிச் சந்தில் பாதிப் பேரைப் படுக்கப்போட்ட கொசுக்காய்ச்சல். அப்போதுதான் புது மருந்து வாங்கி வந்து, அம்மா தன் மூன்று டப்பாக்களுக்கும் பொட்டு வைத்து முடித்திருந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகும் நாங்கள் வழக்கத்தை விடவில்லை. பையில் அவள் டப்பாவையும் என் டப்பாவையும் போட்டுக்கொண்டு காலையில் போய்விடுவேன். ஒரு கையில் ஊசி குத்தியிருந்தது. டப்பாவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இன்னொரு கையால் மூடியைத் திருகி எனக்கு எடுத்துக் கொடுப்பாள். கடைசி நாள் அவளால் என் டப்பாவைத் திறக்க முடிந்தது. நான் கொடுத்ததை விழுங்கத்தான் முடியவில்லை.

அன்றைய அமளியில் என் பழைய டப்பா ஆஸ்பத்திரித் துணிமூட்டையோடு எங்கேயோ போய்விட்டது. வீட்டில் என் பெயருக்கு வாங்கிய புது டப்பா ஒன்று உடைக்காமல் இருந்தது. அம்மாவின் பொட்டு டப்பாக்களும் இருந்தன. அம்மாவின் தம்பி, என் மாமா, செம்பூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தார். அறையைக் காலி செய்து கொடுத்துவிட்டு என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் கொண்டுபோனது பள்ளிக்கூடப் பை, இரண்டு செட் உடுப்பு, அந்த டப்பாக்கள், அம்மாவின் கட்டர்.

மாமாவின் மனைவியை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். வந்த முதல் வாரமே, சுவருக்கு அந்தப்பக்கம் நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து மாமாவிடம் அவள் பேசியது எனக்குக் கேட்டது.

"அக்கா பிள்ளைய வச்சுக்கிடுதது ஞாயந்தான், நான் இல்லங்கல. ஆனா மருந்த ஒழுங்கா முழுங்கணும். நம்ம வீட்டுலயும் ரெண்டு பொம்பளப்பிள்ள இருக்கு. என்னைக்கு அவ மருந்த விடுதான்னு ஆஸ்பத்திரில சொல்லுதாவளோ, அன்னைக்கே நெருள் பக்கம் கொண்டு விட்டுருங்க. அங்க இந்த மாதிரி பிள்ளையளுக்குன்னே ஒரு ஹோம் இருக்காம்."

மாமா "சரி" என்றார். எனக்கு அத்தைமேல்கூட அவ்வளவு கோபம் வரவில்லை, அந்த "சரி"யின்மேல்தான் வந்தது.

அத்தை கொடுமைக்காரி இல்லை. குழம்பில் மீன் துண்டு எனக்கும் அதே அளவுதான். ஆனால் என் தட்டு தனி, தம்ளர் தனி. தோசையைச் சட்டுவத்தால் உயரத்திலிருந்து என் தட்டில் போடுவாள், தட்டு சத்தம் போடும். சேர்ந்து சாப்பிட்டால், தொட்டால் இது வராது என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அவளுக்கும் அது தெரியும். அவள் கைக்குத்தான் தெரியவில்லை. அம்மா போன பிறகு என் உடம்பைத் தொட்டது ரத்தம் எடுக்கிற நர்ஸ் ஒருத்திதான், அதுவும் கையுறை போட்டுக்கொண்டு. இதை யாரிடம் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். பஸ்ஸில் கூட்டத்தில் யாராவது தோள் இடித்தால் நான் நகராமல் நிற்பேன்.

அந்த வீட்டிலும் காலையில்தான் தண்ணீர் வரும். பிடித்து முடித்ததும் சமையல் கட்டின் ஓரத்தில் உட்கார்ந்து பைக்குள் கையை விடுவேன். டப்பாவை எடுப்பேன், திறப்பேன், விழுங்குவேன். ஒரு நாள் விடவில்லை. டப்பாவை எடுத்து, மூடியைத் திருகி, ஒன்றை வெளியே எடுப்பது என் கை வருஷக்கணக்காகச் செய்துவந்த வேலை. நான் அதை யோசித்துச் செய்யவில்லை.

மாதம் முடிந்ததும் மாமா லீவு போட்டு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மேடம் அம்மாவுக்காக வருத்தப்பட்டார், உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு மாமாவிடம் தாழ்ந்த குரலில், "அக்காவோட மருந்து ஆத்துல மிச்சம் இருந்தா கொண்டுவந்து குடுத்துடுங்கோ. வெச்சுக்கப்படாது" என்றார். மாமா தலையை ஆட்டினார். அப்புறம் மேடம் என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். நான் என் டப்பாவை எடுத்துக் கொடுத்தேன்.

தட்டை இழுத்துப் போட்டு, பேனாவிலிருந்து மூடியைக் கழற்றி, டப்பாவைத் திறந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"என்னடி இது? சீலே உடைக்கலையே!"

வெள்ளித்தாள் பளபளவென்று அப்படியே இருந்தது. எண்ணுகிற வேலையே இல்லை. நூற்றுக்குப் பூஜ்யம். நானும் அவரைப்போலவே அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "நான் தெனமும் சாப்பிட்டேன் மேடம்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. இத்தனை நாளும் நான் திறந்துவந்தது பொட்டு வைத்த டப்பாவை. என் கைக்குத் தெரிந்தது அதைத் திறக்கத்தான். என்னுடையதைத் திறக்க வேண்டியவள் இல்லை, அதனால் அது திறக்கப்படாமலே இருந்தது.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் "வெச்சுக்கப்படாது" என்று அவர் சொல்லி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. சொன்னால் மாமா அன்றைக்கே அம்மாவின் டப்பாக்களைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். அம்மாவின் சேலைகளை அத்தை யார் யாருக்கோ கொடுத்தாயிற்று. அதற்கெல்லாம் நான் வாய் திறக்கவில்லை. சேலை சும்மா மடித்துக் கிடப்பது. இந்த டப்பா அப்படி இல்லை, காலையில் இதைத் திறக்கிற வரைக்கும் அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். வாயை மூடிக்கொண்ட பிள்ளை திருடி என்று எல்லோருக்கும் தெரியும்தானே.

"பொய் சொல்லப்படாது" என்றார் மேடம். கோபமாக இல்லை, கவலையாகத்தான். "அம்மா போன துக்கம், புரியறது. ஆனா இதை விட்டா உள்ளே இருக்கறது தலையெடுத்துடும், அப்புறம் இந்த மருந்தே உனக்குக் கேக்காது. சரி, இப்போ என் முன்னாடி ஒண்ணு முழுங்கு, பார்ப்போம்."

"காலைல சாப்பிட்டாச்சு மேடம். ரெண்டு சாப்பிடக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

மாமா என்னை முறைத்தார். மேடம் பெருமூச்சு விட்டுவிட்டு என்னை ரத்தம் எடுக்க அனுப்பினார். ரிப்போர்ட் வருவதற்குச் சில வாரம் ஆகும். அதுவரைக்கும் வாராவாரம் டப்பாவோடு வர வேண்டும், வீட்டில் பெரியவர் ஒருத்தர் கண்ணெதிரில் நான் விழுங்க வேண்டும் என்று உத்தரவு. செம்பூரில் இறங்கிய பிறகு மாமா, "அத்தகிட்ட நான் என்னன்னு சொல்ல?" என்றார். நெருள் என்கிற பேரை அவர் சொல்லவில்லை. எனக்கு அது மட்டும்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாளிலிருந்து அத்தை காவல். தண்ணீர் பிடித்த கையோடு சமையல் கட்டு வாசலில் வந்து நிற்பாள். நான் டப்பாவின் மூடியை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டு திறந்து விழுங்குவேன்.

"வாயத் திற."

திறப்பேன்.

"நாக்கத் தூக்கு."

தூக்குவேன். "ம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். அவமானமாக இருந்தது. நாக்குக்கு அடியில் ஒளித்து வைக்கிற ஆள் நான் இல்லை என்று கத்த வேண்டும்போல இருக்கும்.

வாராவாரம் ஆஸ்பத்திரிக்கு அதே சீல் உடைக்காத டப்பாவோடு போனேன். ஐரோலிக்காரி என்னைப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அரே பாகல், சீலைக் கிழிச்சு டாய்லெட்ல கொட்டிட்டு வா, கதம், வேலை முடிஞ்சுது. மேடம் சுப், வாயை மூடிடுவாங்க. யாருக்குத் தெரியப்போவுது?" என்றாள். அவள் சொன்னது நல்ல யோசனைதான். என்னால் முடியவில்லை. ஒன்று, அந்தத் தாளைக் கிழிப்பது என் வேலை இல்லை. இன்னொன்று, எனக்கு வீம்பு. நான் சாப்பிட்டது சாப்பிட்டதுதான். என்னை நம்பாதவர்கள் நம்புவதற்காக நல்ல மாத்திரையை நான் ஏன் சாக்கடையில் போட வேண்டும்?

மூன்றாவது வாரம் மேடம் மாமாவுக்குப் போன் செய்து, வீட்டில் பார்க்கிறவரை நேரில் வரச் சொல்லுங்கள் என்றார். அத்தைதான் வந்தாள். பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தாள். நான் அவளுடைய பின்னங்கழுத்தைப் பார்த்துக்கொண்டு, இன்றைக்குத் திரும்பி வரும்போது இவள் என்னைச் செம்பூரில் இறக்குவாளா, நெருள் பஸ்ஸில் ஏற்றுவாளா என்று நினைத்துக்கொண்டே போனேன். பள்ளிக்கூடப் புத்தகங்களை எடுத்து வைக்காமல் வந்துவிட்டோமே என்றுகூடத் தோன்றியது.

மேடம் டப்பாவை மேஜைமேல் வைத்தார். "நீங்க தினம் பார்க்கறேளா? இவ சாப்பிடறாளா?"

அத்தை சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "பாக்கேன் மேடம். தெனமும் முழுங்குதா. நாக்கத் தூக்கச் சொல்லிப் பாக்கேன்."

"அப்போ இது என்ன? சீல் அப்படியே இருக்கே. காத்தையா முழுங்கறா?"

"அது எனக்குத் தெரியாது மேடம். முழுங்குதாளான்னு பாக்கத்தான சொன்னீய? பாத்தேன். முழுங்குதா."

"ரெண்டு பேரும் சேர்ந்துண்டு என்னை முட்டாளாக்கறேளா?"

"நான் எதுக்கு மேடம் பொய் சொல்லப்போறேன்? இவ என் பிள்ளையா?" என்றாள் அத்தை.

அதில் ஒரு குத்து இருந்தது, எனக்கு. மேடம் டப்பாவை என் பக்கம் தள்ளினார். ரிப்போர்ட் வரட்டும் என்று விட்டுவிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். அத்தைக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாதி வழியில், வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஒங்கம்மா டப்பாவுல இன்னும் எவ்வளவு கெடக்கு?"

திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னட்டி முழிக்க? அந்தப் பொட்டு அட்டைய ஒங்கம்மைக்கு வாங்கிக் குடுத்தது நான்தான். மூடிய நீ மறைச்சா எனக்குத் தெரியாதோ?"

"கொஞ்சந்தான் அத்தே. ஒரு டப்பா."

"சொல்லியிருந்தா புடுங்கியிருப்பாவ" என்றாள். பிறகு குரலை இறுக்கிக்கொண்டு, "அது தீந்த மறுநா ஒன்னத ஒழுங்காத் திறக்கணும். ஒருநா தவறினாலும் நெருள்தான். சொல்லிட்டேன்."

அன்றைக்குச் சாயங்காலமும் தோசை உயரத்திலிருந்துதான் விழுந்தது.

ரிப்போர்ட் வந்தது. என் ரத்தத்தில் வைரஸ் சோதனையில் தென்படுகிற அளவுக்கு இல்லை. மேடம் அதைப் படித்தார், டப்பாவைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். யாருடைய ரத்தமோ மாறிவிட்டதென்று சொல்லித் திரும்ப எடுக்கச் சொன்னார். அதுவும் அப்படியே வந்தது. "எப்படிடி இது?" என்றார். நான் சிரித்த முகத்துப் பக்கம் ஒரு புள்ளி வைத்துவிட்டு எழுந்து வந்தேன். இன்றுவரைக்கும் அவருக்கு அது தெரியாது. அதே சமயத்தில் ஐரோலிக்காரியின் ரிப்போர்ட்டும் வந்திருக்க வேண்டும். சில மாதங்களில் அவள் பெஞ்சுக்கு வருவது நின்றுபோனது. மேடத்திடம் கேட்டதற்கு, "அவளுக்கு எப்பவும் நூறுதானேடி" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

பொட்டு டப்பாவை நான் இழுத்துப் பிடிக்கவில்லை. ஒரு நாள் விட்டால் ஒரு நாள் கூட வரும் என்று ஆசை வந்ததுண்டு. அம்மா திட்டுவாள் என்று விட்டுவிட்டேன். ஒரு காலையில் கவிழ்த்தபோது ஒன்றுதான் விழுந்தது. அதை விழுங்கினேன். மூடியைத் திருகி, காலி டப்பாவைப் பையின் அடியில் வைத்தேன். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன நடத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் தண்ணீர் பிடித்து முடித்து ஓரத்தில் உட்கார்ந்தேன். என் டப்பாவை எடுத்து முன்னால் வைத்தேன். கட்டரையும் எடுத்து வைத்தேன். அவ்வளவுதான், கை போகவில்லை. இது என்ன பைத்தியக்காரத்தனம், ஒரு பிளாஸ்டிக் டப்பா, திருகினால் திறக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மாமாவின் பெண்கள் யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்பிவிட்டார்கள். எனக்கும் நேரமாகிக்கொண்டிருந்தது. என் வாழ்க்கையில் முதல் முறையாக மாத்திரை தவறப்போகிறது என்று தெரிந்தது, நெருள் தெரிந்தது, அப்படியும் கை போகவில்லை.

அத்தை வந்து வாசலில் நின்றாள். "என்னட்டி, சாமியா கும்பிடுத? திற."

"எனக்குத் திறக்க வரல அத்தே."

"ஏன், மூடி இறுகிட்டா?"

"இல்ல. இது அம்மா திறக்கது."

போய் மாமாவிடம் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். என் தம்ளரைக்கூடத் துணியால் பிடித்து எடுக்கிறவள், என் டப்பாவை வெறுங்கையால் எடுத்தாள். மூடியைத் திருகினாள். கட்டரைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்து வெள்ளித்தாளைக் குத்திக் குத்திக் கிழித்தாள். உள்ளே இருந்த பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு, இரண்டு விரலால் ஒரு மாத்திரையை எடுத்தாள்.

"கைய நீட்டு."

நீட்டினேன். அவள் கை என் கைக்கு மேலே வந்தது, ஒரு சாண் உயரத்தில் நின்றது. அங்கிருந்து போட்டாள். மாத்திரை உள்ளங்கையில் விழுந்து குதித்தது, மூடிப் பிடித்துக்கொண்டேன். அம்மா செத்த அன்றைக்கு வராத அழுகை அப்போது வந்தது. திறந்து கொடுக்க ஒருத்தி வந்துவிட்டாள் என்றா, கொடுத்தவள் விரல் படவில்லை என்றா, எதற்கு அழுதேன் என்று இப்போதும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"அழுதுக்கிட்டே முழுங்காத. பொரையேறும்" என்றாள் அத்தை. அன்றைக்கு நாக்கைத் தூக்கச் சொல்லவில்லை.

நான் படித்து முடித்து வேலை கிடைத்துப் போகிற வரைக்கும் காலையில் அவள்தான் என் டப்பாவைத் திறந்தாள். அவளுக்குக் காய்ச்சல் வந்து கிடந்த நாளில்கூட எழுந்து உட்கார்ந்து திறந்தாள். ஒரு நாளும் அவள் விரல் என்மேல் பட்டதில்லை. ஒரு நாளும் அவள் தவறியதும் இல்லை.

இப்போது ஐரோலியில் ஒரு கம்பெனியில் வேலை, அங்கேயே வாடகைக்கு ஒரு அறை. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தவளின் முகத்தை ஸ்டேஷனில் சில நாள் தேடுவேன். எனக்கும் மூன்று மாத மருந்தை ஒன்றாகக் கொடுத்துவிடுகிறார்கள், யாரும் எண்ணுவதில்லை. காலையில் தண்ணீர் வந்த பிறகு தரையில் உட்கார்ந்து, வலது கையால் டப்பாவிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து, இடது கையை நீட்டி, ஒரு சாண் உயரத்திலிருந்து அதில் நானே போட்டுக்கொள்கிறேன். அப்படி விழுந்தால்தான் எனக்கு விழுங்க வருகிறது.